'போதுமான' என்றால் எவ்வளவு? கைரேகைத் தரநிலை வரைவு ஒன்றைப் படித்துவிட்டு ஒரு கேள்வி

#1 கணக்கன்

புள்ளியியல்தான் எனக்குச் சோறு போடுவது. தடய அறிவியலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. போன வாரம் முன்னாள் சக ஊழியர் ஒருவர், "கைரேகை ஒப்பீட்டுக்கு ஒரு தரநிலை எழுதுகிறார்கள், வரைவைப் பொதுவில் விட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், உன் கண்ணால் ஒரு தடவை பார்" என்று அனுப்பி வைத்தார்.

14 பக்கம். எண்கள் இருக்கும், பிழை விகிதம் இருக்கும், இதற்குக் கீழே போனால் முடிவு சொல்லாதே என்று ஒரு கோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். 4.3-ஆம் பிரிவு இப்படிப் போகிறது (என் வார்த்தையில் சொல்கிறேன்): இரண்டு ரேகைகளிலும் போதுமான அளவு பொருந்தும் கூறுகள் (ரேகைக் கோடு முடியும் இடம், கிளை பிரியும் இடம் மாதிரி) இருப்பதாக ஒப்பிடுபவர் கருதினால், தன் ஆய்வகத்தின் நடைமுறைப்படி முடிவெடுக்க வேண்டும்.

போதுமான என்றால் எவ்வளவு? யார் கருதினால்? ஆய்வகத்தின் நடைமுறையில் என்ன எழுதியிருக்கிறது? இதை மீறுவது எப்படி என்று அரை மணி நேரம் யோசித்தேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. மீறவே முடியாத ஒன்றுக்கு எதற்குத் தரநிலை என்று பெயர்?

துறைக்குள் இருப்பவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

#2 பெஞ்ச்காரர்

டிஎன்ஏ ஆய்வக பெஞ்சில் பல வருடம். இப்போது ஒரு தரநிலைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் குழு என்று கேட்காதீர்கள்.

முதலில் பின்கதை. அமெரிக்காவில் ரொம்ப நாளாகத் துறைவாரியாகப் பணிக்குழுக்கள் இருந்தன. எஃப்பிஐ ஆதரவில் டிஎன்ஏவுக்கு 1988-இலேயே ஒன்று வந்துவிட்டது. பெரும்பாலும் ஆய்வகக்காரர்களே கூடி, ஆய்வகக்காரர்களுக்கு எழுதிக்கொண்டது. 2009-இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை வந்து எல்லோரையும் உலுக்கியது. டிஎன்ஏவைத் தவிர மற்ற ஒப்பீட்டு முறைகள் எதுவுமே, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு ஆளோடு உறுதியாக இணைக்க முடியும் என்று ஒழுங்காக நிரூபித்துக் காட்டியதில்லை என்றது. தனியாக ஒரு தேசிய அமைப்பு வேண்டும் என்றும் கேட்டது. அது வரவில்லை. 2014-இல் நிஸ்டும் (அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம்) அமெரிக்க நீதித் துறையும் சேர்ந்து, தடய அறிவியல் தரநிலைகளுக்காக ஓசாக் என்ற அமைப்பைத் தொடங்கின. 500 பேருக்கு மேல். ஆய்வகக்காரர்கள், பல்கலைக்கழக ஆட்கள், புள்ளியியல்காரர்கள், வழக்கறிஞர்கள், மனிதக் காரணிகள் (மனிதர் எப்படித் தவறுகிறார்கள் என்பது) படித்தவர்கள் என்று எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததுதான் இதில் புதிது.

இப்போது உங்கள் 'போதுமான'. அந்தச் சொல் அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், மேஜையில் யாருக்கும் வேறு சொல்லில் உடன்பாடு இல்லை என்பதுதான். எங்கள் குழுவில் ஒரு வாக்கியத்தில் 'பதிவு செய்ய வேண்டும்' என்பதா 'பதிவு செய்யலாம்' என்பதா என்று எட்டு மாதம் ஓடியது. சிரிக்காதீர்கள். 'வேண்டும்' என்று எழுதினால் செய்யாத ஆய்வகம் தணிக்கையில் மாட்டும். 'லாம்' என்று எழுதினால் யாரும் செய்யப்போவதில்லை. அந்த ஒரு விகுதியில்தான் ஆள், நேரம், பணம் எல்லாம் இருக்கிறது.

#3 சந்தேகப் பிராணி

பெஞ்ச்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிறார்.

எஃப்பிஐயின் முடி ஒப்பீட்டுக் கதை தெரியுமா? நுண்ணோக்கியில் இரண்டு முடியை வைத்து ஒப்பிட்டுச் சாட்சி சொன்ன பழைய வழக்குகளை மறு ஆய்வு செய்து 2015-இல் அவர்களே முதல் கட்ட முடிவை வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி போன 268 விசாரணைகளில் 257-இல் நிபுணர் அறிவியல் தாங்கும் அளவைத் தாண்டிப் பேசியிருக்கிறார். 28 நிபுணர்களில் 26 பேர். இவர்கள் யாரும் பயிற்சி இல்லாதவர்கள் அல்ல. எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தைப் படித்து ஒரே தப்பைச் செய்தார்கள். அதாவது சீராக இருந்தார்கள். தரநிலைக்கு எல்லோரும் ஒரே மாதிரி செய்யும் சீர் இருந்தால் போதும் என்றால் அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

இன்னொன்று, பல் தடம். கடித்த காயத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. அவர்களிடம் வழிகாட்டி நெறிகள் இருந்தன, சொல் பட்டியல் இருந்தது, சான்றளிக்கும் வாரியம் இருந்தது. 2023-இல் நிஸ்ட் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டுச் சொன்னது: ஒவ்வொருவரின் முன்பற்களும் தனித்துவமானவை என்பதற்கும், அந்த வடிவம் தோலில் அப்படியே பதியும் என்பதற்கும், பதிந்ததை வைத்து ஆளைச் சேர்க்கவோ விலக்கவோ முடியும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், காயத்தைப் படம் எடுக்க அவர்கள் உருவாக்கிய 'எல்' வடிவ அளவுகோல் இருக்கிறதே, அது பிரமாதமான பொருள். மூலைகளில் வட்டங்கள் இருக்கும். கேமரா சாய்ந்திருந்தால் வட்டம் முட்டையாகத் தெரியும், உடனே பிடித்துவிடலாம். இன்றைக்கும் எந்தத் தடயத்தைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் அதை வைக்கிறார்கள். முறை மண்ணைக் கவ்வியது, அளவுகோல் பிழைத்துக்கொண்டது.

கணக்கன் சார், எனக்கு உங்கள் 4.3 பற்றிக் கவலை இல்லை. அதற்கு முந்தைய கேள்விதான். இந்த முறை வேலை செய்கிறதா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? அளக்காமல் எழுதும் தரநிலை வெறும் மரியாதைச் சான்றிதழ்.

#4 ரேகைக்காரன்

இருபத்திரண்டு வருடம் ரேகை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். சந்தேகப் பிராணி அவர்களே, பல் தடத்தையும் கைரேகையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கைரேகையை அளந்திருக்கிறார்கள். 2011-இல் வந்த ஆய்வு, 169 நிபுணர்கள், ஆளுக்கு நூறு ஜோடி அளவில் பார்த்தார்கள், விடை தெரிந்த ரேகைகள். வேறு ஆளின் ரேகையை 'இவருடையதுதான்' என்று தவறாகச் சொன்னது 0.1 சதவீதம். ஒரே ஆளின் ரேகையை 'இவருடையதில்லை' என்று தவறாக விலக்கியது 7.5 சதவீதம்.

நாங்கள் ஒன்றும் ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

#5 கணக்கன்

ஐயா, அந்த ஆய்வை நானும் தேடிப் படித்தேன். நல்ல ஆய்வு, வடிவமைப்பும் நேர்மையானது. ஆனால் எனக்கு 0.1 சதவீதத்தைவிட 7.5-தான் உறுத்துகிறது. பங்கேற்றவர்களில் 85 சதவீதம் பேர் ஒரு தடவையாவது தவறாக விலக்கியிருக்கிறார்கள். விலக்கும்போது தவறினால் உண்மையான ஆள் நழுவிவிடுவார். விடுதலையாக வேண்டியவருக்கு உதவக்கூடிய ரேகையும் அதே மாதிரி நழுவலாம். இது வரைவில் எங்கேயாவது வருகிறதா என்று பார்த்தேன். சேர்ப்பதற்கு இருக்கிற கவனம் விலக்குவதற்கு இல்லை.

#6 ரேகைக்காரன்

அது நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் விலக்கினால் யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள், அதுதான் வழக்கம். சேர்த்தால் மட்டும் இன்னொருவர் சரிபார்ப்பார்.

#7 புதுமாணவி

முதுகலை முதல் வருடம், தவறாக இருந்தால் மன்னிக்கவும். 'குறைந்தது 12 கூறுகள் பொருந்த வேண்டும்' என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் கணக்கன் சார் கேட்ட பிரச்சினை தீர்ந்துவிடாதா?

#8 ரேகைக்காரன்

அதைச் செய்து பார்த்தாகிவிட்டது அம்மா.

இங்கிலாந்தில் 16 புள்ளி விதி இருந்தது. ஸ்காட்லாந்து யார்டு 1924-இல் எடுத்துக்கொண்டது. 16 கூறுகள் பொருந்தினால்தான் நீதிமன்றத்துக்குப் போகலாம். கேட்க எவ்வளவு கறாராக இருக்கிறது! அந்த 16 எங்கிருந்து வந்தது என்று பின்னால் தோண்டினார்கள். பிரான்சில் போலீஸ் அடையாள நிபுணர் பெர்த்தியோன் 1912-இல் வெளியிட்ட கட்டுரையில், வேறு வேறு ஆட்களின் ரேகைகளிலும் இத்தனை கூறுகள் பொருந்தலாம் என்று காட்டப் படங்கள் போட்டிருந்தார். அந்தப் படங்களே வெட்டி ஒட்டிச் சரிக்கட்டியவை என்று பல பத்தாண்டு கழித்து ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்த விதியை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒரே ஜோடி ரேகையைப் பல நிபுணர்களுக்கு அனுப்பி எண்ணச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை, அதுவும் கிட்டத்தில் கூட இல்லை. ஒருவர் கண்ணுக்குக் கூறாகப் படுவது இன்னொருவருக்கு அழுக்கு. பதினைந்தில் நிற்கும்போது பதினாறாவதைத் தேடும் கண் எப்படி வேலை செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் இங்கிலாந்து அந்த விதியைக் கைவிட்டது.

எண் இருந்தால் கறார் என்று நினைப்பது வெளியில் இருப்பவர்களின் பழக்கம். எண்ணுகிற பொருளுக்கு வரையறை இல்லாமல் எண்ணை வைத்து என்ன செய்வது?

#9 நுண்ணளவு

இங்கேதான் நான் வரவேண்டும். அளவியல் என் துறை. ரேகைக்காரன் ஐயா கடைசியாகச் சொன்ன வரியை அச்சடித்து எல்லாக் குழு அறைகளிலும் ஒட்டலாம்.

எண்ணுகிற பொருளை வரையறுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் துப்பாக்கித் தோட்டா நல்ல உதாரணம். நிஸ்ட் ஒரு 'தரத் தோட்டா'வை உருவாக்கியது. எண் 2460. அதை யாரும் சுட்டதில்லை. வைர முனையால் கணினி வழி கடைந்து, சுட்ட தோட்டாவில் இருக்கும் கீறல்களை ஒவ்வொரு பிரதியிலும் ஒரே மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். கூடவே 2461, ஒரு தர வெடியுறை (சுட்டதும் துப்பாக்கியில் மிஞ்சும் உறை). ஒரு உறையை மூலமாக வைத்து மின்வார்ப்பில் பிரதி எடுத்தது. எந்த நாட்டில் இருக்கும் எந்த ஆய்வகமும் தன் கருவியில் இதை வைத்து அளந்தால், மற்ற ஆய்வகம் எடுத்த அளவோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் கோளாறு உன் கருவியில். அங்கே 'கருதுகிறேன்' என்பதற்கே இடமில்லை.

ஆனால் கவனியுங்கள், அது கருவியைத்தான் சரிபார்க்கிறது. இரண்டு தோட்டாக்கள் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்ற முடிவை அது எடுத்துத் தராது. எந்தத் தரநிலையைப் பார்த்தாலும் முதலில் இதைப் பிரித்துவிடுங்கள்: இது அளப்பதைப் பற்றிப் பேசுகிறதா, அளந்ததற்கு அர்த்தம் சொல்வதைப் பற்றிப் பேசுகிறதா? முதல் வகை வேகமாக முடியும். இரண்டாவது வகையில்தான் ரத்தக்களரி. தடய அறிவியலுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 21043 வரிசையை ஐந்து பாகமாகப் பிரித்தபோது சொற்களுக்கும் தடயச் சேகரிப்புக்குமான முதல் இரண்டு பாகங்கள் 2018-இலேயே வந்துவிட்டன. பொருள்கொள்வதற்கும் அறிக்கைக்குமான பாகங்கள் அதற்குப் பல வருடம் கழித்துத்தான். ஏன் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

#10 பெஞ்ச்காரர்

மேடம் சொன்ன ரத்தக்களரிக்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. டிஎன்ஏ என்றால் தங்கத் தரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஆளின் சுத்தமான மாதிரி என்றால் ஆமாம். பலர் தொட்ட கதவுப்பிடி என்றால்?

2013-இல் நிஸ்ட் ஒரு சுற்று நடத்தியது. 108 ஆய்வகங்களுக்கு ஒரே தரவு. அதில் ஐந்தாவது கேஸ் வேண்டுமென்றே வைத்த பொறி. நான்கு பேரின் கலவை, ஆனால் பார்த்தால் அவ்வளவு பேர் என்று தெரியாது. கூடவே கலவையில் இல்லவே இல்லாத ஒருவரின் விவரத்தையும் 'சந்தேக நபர்' என்று வைத்தார்கள். 74 ஆய்வகங்கள் அவரையும் உள்ளே சேர்த்தன. எல்லாம் அங்கீகாரம் பெற்ற முறைகள், பூர்த்தியான படிவங்கள்.

எங்கள் அறையிலும் நடந்திருக்கிறது, எந்த ஆய்வகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பயிற்சி மாதிரி. திரையில் டிஎன்ஏ வரைபடத்தில் ஒரு இடத்தில் குட்டியாக ஒரு பீக் (மேடு), உயரம் 60-க்குக் கொஞ்சம் மேல். நான் அதை இரைச்சல் என்று ஒதுக்கினேன், இரண்டு பேர் கலவை என்று எழுதினேன். பக்கத்து மேஜைக்காரர் அதை ஆளாக எடுத்துக்கொண்டார், மூன்று பேர் என்று எழுதினார். இரண்டு பேரும் அதே நடைமுறைப் புத்தகத்தைத்தான் பின்பற்றினோம். புத்தகத்தில் 'ஆய்வாளர் தன் அனுபவத்தின் அடிப்படையில்' என்று இருந்தது. அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

#11 வாதி

நீதிமன்றத்தில் நிற்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

நீங்கள் எல்லோரும் தரநிலை ஆய்வகத்துக்கு என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு அது குறுக்கு விசாரணைக்கான காகிதம். நிபுணரிடம் "உங்கள் முறை சரியா?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார், நீதிபதி தலையாட்டுவார். "4.3-இல் இப்படிச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது, செய்தீர்களா, எங்கே பதிவு?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லைதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் டாபெர்ட் வழக்கில் அறிவியல் சாட்சியத்தை எடைபோடச் சொன்ன அளவைகளில் இதுவும் ஒன்று: அந்த முறையைக் கட்டுப்படுத்தும் தரநிலைகள் இருக்கின்றனவா, பேணப்படுகின்றனவா. ஆக, கணக்கன் சொன்ன 'மீற முடியாத' பிரிவு எங்களைப் போன்றவர்களுக்கு எதிராகத் திரும்பும். நிபுணர் கூலாக "தரநிலைப்படிதான் செய்தேன்" என்பார். உண்மையாகவே அப்படித்தான் செய்திருப்பார்! தரநிலை இல்லாத காலத்தில் குறைந்தபட்சம் அந்தக் கேடயம் அவரிடம் இல்லை.

கட்டாயம் என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஒரு தரநிலை ஓசாக் பதிவேட்டில் ஏறினாலும் அதைப் பின்பற்றுவது ஆய்வகத்தின் விருப்பம், நிஸ்டுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடய அறிவியல் ஒழுங்காளருக்கு 2021-இல் சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்தார்கள், அவருடைய நடைமுறைத் தொகுப்பு 2023 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே எழுதுகிற ஒவ்வொரு 'வேண்டும்' என்ற சொல்லுக்கும் பல் உண்டு. (பல் தடம் அல்ல.)

#12 சந்தேகப் பிராணி

வாதி சொன்ன கேடயம்தான் என் பயம். நான் நீட்டி முழக்கியதை நாலு வரியில் சொல்லிவிட்டார்.

#13 ரேகைக்காரன்

இவ்வளவு பேசிய பிறகு நான் ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. 4.3-க்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். 2004 எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு, அந்த வருடம் மார்ச். டெட்டனேட்டர் வைத்திருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் எஃப்பிஐக்கு அனுப்பியது. கணினி 20 பேர் பட்டியலைத் தந்தது. அதில் நாலாவது ஆள் அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர். எஃப்பிஐ நிபுணர் அவர்தான் என்றார். இரண்டு பேர் சரிபார்த்தார்கள், ஆமாம் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் ஆமாம் என்றார். மே மாதம் அவரைப் பிடித்து இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை வேறு ஒருவருடையது என்று கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள்.

செய்தி வந்த அன்று நாங்கள் எல்லோரும் இரண்டு ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே அவ்வளவு ஒத்திருந்தது. பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் ஒன்று என்னை அப்படியே பிடித்து உலுக்கியது. முதலில் பத்துக் கூறுகள் வரை ஒத்துப்போகின்றன. அதற்கப்புறம் சந்தேக நபரின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, மங்கலான தடயத்துக்குத் திரும்பி வந்து, அங்கே இல்லாத கூறுகளையும் 'பார்க்க' ஆரம்பித்துவிட்டார்கள். தெளிவானது மங்கலானதற்குச் சொல்லிக் கொடுக்கிறது. நானும் அப்படி எத்தனை தடவை செய்திருப்பேனோ.

அதற்குப் பிறகு கலர் பழக்கம் ஒன்று வந்தது. தடயத்தைத் தனியாக வைத்து முதலில் குறிக்க வேண்டும். நிச்சயம் என்றால் பச்சை, ஓரளவு என்றால் மஞ்சள், சந்தேகம் என்றால் சிவப்பு. அப்புறம்தான் சந்தேக நபரின் ரேகையைத் திறக்கலாம். திறந்த பிறகு தடயத்தில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால், அதற்கு ஆரஞ்சு. முடிவில் திரையில் ஆரஞ்சு அதிகமாக இருந்தால், நீ தடயத்தைப் படிக்கவில்லை, ஆளைப் படித்திருக்கிறாய் என்று உன் திரையே உன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி மூன்று வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். முதல் வாரம் என் திரையில் இருந்த ஆரஞ்சைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

#14 நுண்ணளவு

ஐயா, இது போதும். எத்தனை கூறு என்று எண்ணச் சொல்லாமலேயே எந்த வரிசையில் பார்த்தார் என்பதைப் பிடித்துவிடுகிறது. தணிக்கைக்காரர் திரையைத் திறந்து பார்த்தால் செய்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அதாவது மீற முடியும்.

#15 கணக்கன்

சரி, கருத்தை எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பாருங்கள்.

"4.3: 'போதுமான' என்ற சொல்லை நீக்கவும். பதிலாக: சந்தேக நபரின் ரேகையைப் பார்க்கும் முன் தடயத்தில் குறித்த கூறுகளையும், பார்த்த பின் சேர்த்த கூறுகளையும் ஒப்பிடுபவர் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பின்னால் சேர்த்தவற்றை நீக்கினாலும் முடிவு நிற்குமா என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். விலக்கும் முடிவுக்கும் இதே விதி, இரண்டாவது நிபுணரின் சரிபார்ப்பும் உண்டு."

#16 பெஞ்ச்காரர்

உள்ளடக்கம் அருமை. ஆனால் இப்படி அனுப்பினால் தோற்றுப்போவீர்கள்.

கருத்துப் படிவத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் குழு பதில் எழுதியாக வேண்டும். ஏற்றோம், திருத்தி ஏற்றோம், நிராகரித்தோம், காரணம் இது. நீங்கள் ஒரே வரிசையில் நான்கு விஷயத்தைக் கட்டிவிட்டீர்கள். யாராவது "விலக்கலுக்கு இரண்டாவது ஆள் என்றால் எங்களிடம் ஆள் இல்லை" என்று ஆரம்பிப்பார். அது நியாயமும் கூட. அதோடு மொத்த வரிசையும் போய்விடும். ஒரு வரிசைக்கு ஒரு 'வேண்டும்'. தனித்தனியாகப் பதிவு செய்வது ஒன்று. அறிக்கையில் எழுதுவது ஒன்று. விலக்கலுக்கும் அதே பதிவு விதி என்பது ஒன்று. சரிபார்ப்பு ஒன்று. முதலாவதை யாராலும் எதிர்க்க முடியாது, செலவே இல்லை.

அப்புறம், 'போதுமான என்ற சொல்லை நீக்கவும்' என்பதைக் கடைசி வரிசையில் போடுங்கள். முதலில் போட்டால் எட்டு மாதம் அதிலேயே உட்கார்ந்துவிடுவோம். 'வகை' என்ற கட்டத்தில் 'தொழில்நுட்பம்' என்று குறியுங்கள். 'நடை' என்று குறித்தால் இலக்கணத் திருத்தத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

#17 புதுமாணவி

நானும் அனுப்பலாமா? மாணவர்கள் அனுப்பினால் படிப்பார்களா?

#18 பெஞ்ச்காரர்

படித்துப் பதில் எழுதியே ஆக வேண்டும் அம்மா, யார் அனுப்பினாலும். முன்மொழியும் வாக்கியம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதே, அவ்வளவுதான். ஆரஞ்சு விஷயத்துக்கு உன் ஆய்வகத்தில் நீயே பத்து ரேகை குறித்துப் பார்த்துவிட்டு எழுது.

#19 கணக்கன்

ஐந்து வரிசையாகப் பிரித்து அனுப்பியாச்சு. ரேகைக்காரன் ஐயா, ஆரஞ்சு முதல் வரிசையில் இருக்கிறது.

#20 ரேகைக்காரன்

கெடு தேதி என்ன? நானும் அதே முதல் வரிசையை என் பெயரில் அனுப்புகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரைவுக்குக் கூடக் கருத்து எழுதியதில்லை.